எழும்பிய உடனே

முதலாவது குழாய் எழும்பிய உடனே.
இரண்டாவது அரை மணித்தியாலம் கழித்து.
மூன்றாவது பிற்பகல் ஒன்றரைக்கு,
நாலாவது படுக்கப்போகுமுன்.
பஞ்சை இரண்டு நிமிடம் சப்ப வேண்டும்,
பல் தீட்டக்கூடாது,
நேரத்தைப் பிழையில்லாமல் எழுத வேண்டும்.
டொக்டர் றெகுலா ஏஷ்லிமான்
மஞ்சள் பேனையால் கோடு போட்டுத் தந்தார்.

நேரம் எழுதுவது எனக்குப் பெரிய வேலையில்லை.
பீல் நகரில் கைக்கடிகாரங்களின் உறைக்கு
மெருகு போட்டுப் பதின்மூன்று வருடம்.
எழும்புவதுதான் சிக்கல்.
நித்திரை கொள்ளாதவன் எந்த நிமிடத்தில் எழும்புவது?
இரண்டு ஐந்துக்கா,
சுவருக்குள் தண்ணீர்க்குழாய் இருமியபோது?
மூன்று நாற்பதுக்கா,
சரக்கு ரயில் பாலத்தைத் தொடுமுன்னே
என் கால்கள் கட்டிலை விட்டிறங்கியபோது?
சுபோதினி சுவர்ப்பக்கம் திரும்பிச் சொன்னாள்:
"அஞ்சு மணியெண்டு எழுதுங்கோ. ஆர் பாக்கப்போகினம்."
பிறிட்ஜில் மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில்
குழாய்கள் நீல மூடியோடு நின்றன.

சிறுநீரகத்தின் தலையில்
கோணல் தொப்பிபோல ஒரு சுரப்பியாம்.
கோர்ட்டிசோல் அங்கிருந்து வருகிறதாம்,
விடியலில் ஏறி இரவில் வடிகிறதாம்.
ஒக்டோபரில் எடுத்ததைக் காட்டினார்:
என் கோடு ஏறவேயில்லை,
மழை காணாத குளத்தின் அடி.
பயந்தவனுக்குக் கூடத்தானே இருக்கவேணும் என்றேன்.
நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம் என்றார்.
சிலருக்குக் குறைவாம்.
தீயணைப்பு வண்டி தெருத்தெருவாய் ஓடுகிறது,
நெருப்பு அணைந்துவிட்டது, திரும்பி வா
என்று சொல்லும் குரல் மெலிந்துபோயிற்று.
இவ்வளவு வருடமாகவா?
அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பெப்ரவரி முதற்புதன், ஒன்றரை மணி.
நாடு முழுக்கச் சைரன் பரிசோதனை.
எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.
மார்செல் பாணைச் சூப்பில் தோய்த்தபடி இருந்தான்.
எனக்கும் தெரியும்.
என் முழங்காலுக்குத்தான்
யாரும் கடிதம் போடவில்லை.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
மூன்றாவது பஞ்சை வாயில் வைத்தேன்.
இரண்டு நிமிடம் சப்பினேன். பிறகு நாலு.
காய்ந்து போன பஞ்சு காய்ந்தே வந்தது.
13.34 என்று எழுதினேன்.

இங்கே எங்கள் கட்டடத்துக்குக் கீழும்
ஒரு பங்கர் உண்டு.
அணுகுண்டுக்கென்று கட்டியது,
முழத் தடிப்பில் கொங்கிறீற் கதவு,
உள்ளே பனிச்சறுக்குப் பலகைகள், வைன்,
மூன்றாம் மாடி வெல்ட்டியின் உருளைக்கிழங்கு.
நாங்கள் வெட்டியதற்குக் கதவு இருக்கவில்லை.
தென்னங்குற்றி, கடற்கரை மணல்,
மச்சாளின் கூறைச் சேலையைக் கிழித்துத் தைத்த மூட்டைகள்.
உள்ளே போனது ஒன்பது பேர்.
வெளியே வந்த கணக்கை டொக்டரிடம் சொல்லியாயிற்று,
இங்கே வேண்டாம்.

அன்றிரவு நாலாவது பஞ்சைச் சப்பி முடித்து
மறுநாள் குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
போர்வையோடு கீழே இறங்கினேன்.
கதவை இழுத்துச் சாத்தினேன்.
கிழங்குச் சாக்கில் முதுகைச் சாய்த்தது நினைவு.
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமே இல்லை.
பிறகு எழும்பினேன்.
ஆறு பன்னிரண்டு.
வாய் முழுக்க எச்சில்.

மூன்று கிழமை கழித்து டொக்டர்
கணினித்திரையை என் பக்கம் திருப்பினார்.
புதன் மதியம்: மாதிரி போதவில்லை.
வியாழன் காலை: ஒரு சின்ன மேடு.
"பாருங்கள், ஏறியிருக்கிறது!
அன்றிரவு என்ன செய்தீர்கள்?"
நித்திரை கொண்டேன் என்றேன்.
சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.
எங்கே என்று கேட்க
அந்தப் படிவத்தில் பெட்டி இல்லை.

நேற்று வெல்ட்டி படிக்கட்டில் மறித்தார்.
கிழங்குச் சாக்கெல்லாம் நசிந்து கிடக்கிறதாம்,
எலியாக இருக்குமோ?
பெரிய எலிதான் போல என்றேன்.
பொறி வைக்கட்டுமா என்றார்.
கொஞ்ச நாள் பொறுங்கள் என்றேன்,
குளிர் போகட்டும்.